பாட்டி இருந்தாலும் ஆயிரம் பொன்

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்புத் தொழிலுக்கு யாராவது ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். மேடை, ஆளுயர மாலை, பொன்னாடை, வெள்ளி வாள் எல்லாம் வைத்து அமர்க்களமாக. படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் காசு பார்க்கலாம், அனுப்பாமலும் காசு பார்க்கலாம் என்று கண்டுபிடித்த மேதைகளை நோபல் குழு இன்னும் கண்டுகொள்ளவில்லை. நாமாவது ஒரு பொன்னாடை போர்த்திவிடுவோம்.

முதலில் தொழிலின் அளவு. சுமார் 15,000 இல்லங்கள், அவற்றில் ஏறக்குறைய 12 லட்சம் பேர். பத்தில் ஏழு இல்லங்கள் லாபத்துக்காக நடப்பவை. இருப்பவர்கள் யார் என்றால் எழுந்து நடக்க முடியாதவர்கள், நினைவு தப்பியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து நாலு வாரம் என்று வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். செலவில் பெரும்பங்கு அரசாங்கப் பணம். கையிலிருந்த சேமிப்பும் வீடும் கரைந்த பிறகு ஏழைகளுக்கான மெடிகெய்டு கட்டுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொஞ்ச நாள் முதியோருக்கான மெடிகேர் கட்டுகிறது. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தையெல்லாம் இந்த இரண்டு கஜானாவுக்கும் நடுவிலிருக்கிற சந்தில்தான் நடக்கிறது.

மெடிகெய்டு நாளொன்றுக்குத் தருவது குறைவு. இல்ல முதலாளிகளின் நிரந்தரப் புலம்பல் அது. மெடிகேர் தாராளம். ஆனால் மெடிகேரின் கதவு திறக்க ஒரு மந்திரம் உண்டு: நோயாளி தொடர்ந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகப் படுத்திருக்க வேண்டும். படுத்து எழுந்து வந்துவிட்டால், பிசியோதெரபி, காயத்துக்குக் கட்டு என்று தகுந்த காரணம் காட்டி 100 நாள் வரை மெடிகேர் கணக்கில் ஓட்டலாம். முதல் 20 நாளைக்கு முழுக் காசு. ஆக, மெடிகெய்டு பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் முதலாளிக்கு அது நல்ல சகுனம். ஆம்புலன்ஸில் ஏறிப் போகிறாள், மூன்று ராத்திரி கழித்து இறங்கி வருகிறாள். அதே பாட்டி, அதே கட்டில், அதே ஜன்னல். விலை மட்டும் ஏறியிருக்கிறது. சில மாநிலங்களில் அவள் இல்லாத நாட்களுக்கும், படுக்கையைப் பிடித்துவைத்திருந்த வகையில், மெடிகெய்டு காசு கொடுத்துவந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்றார்கள் நம் முன்னோர்கள். அவர்கள் யானையோடு நிறுத்திக்கொண்டார்கள். பாட்டி விஷயத்தில் இருந்தாலும் பொன், போனாலும் பொன், திரும்பி வந்தாலும் பொன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் இளிச்சவாயர்களா? டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 30 நாளைக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்து சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு அபராதம் என்ற ஏற்பாடு 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் சேர்த்தால்தானே அபராதம்? சேர்க்காமல் 'கண்காணிப்பில்' வைக்கலாமே. அதே வார்டு, அதே டிரிப், அதே உப்பில்லாத சூப். காகிதத்தில் மட்டும் வெளிநோயாளி. மூன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாட்டி, கணக்குப்படி ஆஸ்பத்திரியில் சேரவே இல்லை. சேராததால் மூன்று நாள் மந்திரம் பலிக்காது; இல்லத்துக்குத் திரும்பினால் மெடிகேர் கைவிரிக்கும்; பில் மகள் கைக்கு வரும். உடம்பு ஒரு இடத்திலும் ஆள் வேறொரு இடத்திலும் இருக்கிற இந்தச் சித்து, கூடுவிட்டுக் கூடு பாய்ந்த நம் சித்தர்களுக்கே கைவராதது.

எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிக்காகத் தமிழ்ப் பத்திரிகையில் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கோபத்துக்கு விசா வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரியை எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்த ஒரு இல்லத்தின் கதையும் அல்ல. எத்தனையோ இல்லங்களின் சனிக்கிழமை.

பாட்டிக்கு வயது 86. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் தண்ணீர்க் குவளை இருக்கிறது, மூடி போட்டு, ஸ்ட்ரா செருகி. பக்கவாதத்தில் விழுந்துபோன கைப் பக்கமாக வைத்திருக்கிறார்கள். வைத்தவளுக்கு அது தெரியாது. அவள் ஏஜென்சி அனுப்பிய ஆள். இந்த வராந்தாவையே இந்த வாரம்தான் பார்க்கிறாள். வழக்கமாக வருகிற உதவியாளர், நம்மூர் ஆஸ்பத்திரியில் ஆயாம்மா என்று கூப்பிடுவோமே அந்த வேலை செய்பவர், போன மாதம் நின்றுவிட்டார். அவர் இருந்திருந்தால் வியாழக்கிழமை காலை பாட்டி காபியைப் பாதியில் வைத்தபோதே, என்னம்மா ஆச்சு என்று கேட்டிருப்பார். வெள்ளிக்கிழமை சிறுநீர் கறுத்து நாறுகிறது. டயப்பரை மாற்ற ஆள் வர மூன்று மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் பாட்டி, செத்துப்போன தன் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கிறாள். டிமென்ஷியாதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரி 2 மணிக்கு உடம்பு கொதிக்கிறது. தளத்தில் இருக்கிற ஒரே நர்ஸ் முழுப் படிப்புப் படித்த பதிவு பெற்ற செவிலியர் அல்ல, அதற்குக் கீழ்ப்படிப் பயிற்சி பெற்றவர். மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாற்பது கட்டில் பார்க்க வேண்டியவர். டாக்டருக்கு போன் போடுகிறார். போனை எடுக்கிற டாக்டர் பாட்டியைப் பார்த்ததில்லை, அந்தக் கட்டடத்தையும் பார்த்ததில்லை.

"டிரிப் போட முடியுமா?"

"போட ஆள் இல்லை டாக்டர்."

"ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு?"

"லேப்காரர் திங்கட்கிழமை வருவார்."

"அப்ப அனுப்பிடுங்க."

வேறு என்ன சொல்வார்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். எமர்ஜென்சி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் விடியும் வரை கிடக்கிறாள் பாட்டி. கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் இல்லத்திலேயே தங்கிவிட்டன. கேட்கிற கேள்வி காதில் விழவில்லை, விழுந்தாலும் பதில் சொல்ல வாயில் பல் இல்லை. ஊசியைப் பிடுங்குகிறாள் என்று நல்ல கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். மூன்றாம் நாள் முதுகுக்குக் கீழே தோல் சிவந்து உரிகிறது. கேஸ் ஷீட்டில் செப்டிசீமியா என்று எழுதியிருக்கிறது. இவ்வளவுக்கும் வைத்தியம் வியாழக்கிழமையே கட்டடத்துக்குள் இருந்திருக்க வேண்டும்: தண்ணீர், அதைக் கொடுக்க ஒரு கை, 'பாட்டி இன்னைக்குச் சரியா இல்லை' என்று சொல்ல ஒரு வாய், அதைக் கேட்க ஒரு நர்ஸ்.

அமெரிக்க சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2013-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். 2011-ல் இல்லங்களில் இருந்த மெடிகேர்காரர்களில் நால்வரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்; மெடிகேருக்கு ஆன செலவு 1,430 கோடி டாலர்; காரணங்களில் முதலிடம் அதே செப்டிசீமியா. ஜோசப் ஆஸ்லேண்டர் என்ற முதியோர் மருத்துவரின் குழு, ஜார்ஜியா மாநில இல்லங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன 200 கேஸ்களைப் பிரித்துப் பார்த்து 2010-ல் எழுதியது: 67 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை. மூன்றில் இரண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கவே வேண்டாம்.

அதே ஆஸ்லேண்டர் குழு 'இன்டராக்ட்' என்ற திட்டத்தைத் தயாரித்தது. அதில் உதவியாளர்களுக்காக ஒரு அட்டை உண்டு. வழக்கம்போல இல்லையா, பேச்சு குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா, தண்ணீர் குறைந்ததா, அதிகம் தூங்குகிறாரா, தோலில் மாற்றமா, நடக்க அதிக உதவி கேட்கிறாரா என்று எளிமையான கேள்விகள். எதையாவது பார்த்தால் வட்டம் போட்டு நர்ஸிடம் கொடுக்க வேண்டும். டாக்டர் பட்டம் தேவையில்லாத, ஸ்கேன் மிஷின் தேவையில்லாத, ஒரு மாமியார் மருமகளிடம் கேட்கிற மாதிரியான கேள்விகள். அருமையான அட்டை. ஒரே ஒரு சிக்கல். அதை நிரப்ப ஆள் வேண்டும், அந்த ஆள் நேற்றும் முந்தாநாளும் வந்தவராக இருக்க வேண்டும். வழக்கமே தெரியாதவர் 'வழக்கம்போல இல்லை' என்று எதை வைத்து எழுதுவார்? முதலாளிகள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அட்டை மலிவு.

2021-ல் சம்பளப் பட்டியல்களை வைத்து வந்த ஒரு ஆய்வு சொல்கிறது: நடுத்தரமான ஒரு இல்லத்தில் நர்ஸ், உதவியாளர் பணியாளர்களின் ஆண்டு வெளியேற்றம் 94 சதவீதம். அதாவது நூறு வேலை இருந்தால் ஒரு வருடத்தில் 94 முறை யாரோ ஒருவர் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நடுத்தர இல்லத்தின் கதை இது. மோசமான இல்லங்களில் ஒரே நாற்காலியில் வருடத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து எழுந்தார்கள்.

ஆனால் ஆள் போட்டால் என்ன நடக்கும் என்பது ரகசியம் இல்லை. மெடிகேரையும் மெடிகெய்டையும் நடத்துகிற சி.எம்.எஸ் அமைப்பு 2012-ல் ஏழு இடங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரி, செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் 16 இல்லங்களை எடுத்துக்கொண்டு, மேல்படிப்புப் படித்த ஒரு நர்ஸை ஒவ்வொரு இல்லத்திலும் முழுநேரமாக உட்காரவைத்தது. அவர் பாட்டியைப் பார்த்தார், தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார், மூட்டை மூட்டையாக இருந்த மாத்திரைகளில் பாதி எதற்கு என்று கேட்டார், கடைசிக் காலத்தில் என்ன வேண்டும் என்று மகனையும் மகளையும் உட்காரவைத்துப் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மெடிகேருக்கும் பணம் மிச்சம்.

எந்த நாட்டிலும் இதற்கு அடுத்த படி, சரி, எல்லா இல்லத்திலும் ஒரு நர்ஸை வை என்பதாக இருக்கும். அமெரிக்கா யோசித்தது. 2016-ல் இரண்டாம் கட்டம். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, இதயச் செயலிழப்பு, நுரையீரல் அடைப்பு, தோல் தொற்று, நீர் வற்றுதல் ஆகிய ஆறு வியாதிகளுக்கு இல்லத்திலேயே வைத்தியம் பார்த்தால் நாளுக்கு இவ்வளவு என்று இல்லத்துக்கும் டாக்டருக்கும் ஊக்கத்தொகை. நர்ஸைப் போடாத புதிய இல்லங்களிலும் காசு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். காசு போனது. ஆஸ்பத்திரிக்குப் போவது குறையவில்லை என்று மதிப்பீட்டு அறிக்கை எழுதியது. நர்ஸை வைத்தால் வேலை நடக்கிறது, முதலாளி கையில் காசைக் கொடுத்தால் காசு மட்டும் நடக்கிறது என்பதை எட்டு வருடம் செலவழித்து விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துவிட்டு, 2020-ல், ஆமாம், கொரோனா வந்த அதே 2020-ல், திட்டத்தை மூட்டை கட்டினார்கள்.

பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அனுப்பாமல் இருப்பது.

இதிலும் ஆரம்பம் நல்லதுதான். மினசோட்டாவில் 1980-களில் இரண்டு நர்ஸ்கள் எவர்கேர் என்ற ஒரு முறையை உருவாக்கினார்கள். இல்லத்துக்கே நர்ஸ் போய்ப் பார்ப்பது, ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பது. ஆய்வுகளும் அது பலித்ததைக் காட்டின. பின்னர் அது யுனைடெட்ஹெல்த் என்ற மாபெரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கைக்குள் வந்தது. தலைக்கு இவ்வளவு என்று மெடிகேரிடம் மொத்தமாக வாங்கிக்கொள்கிற கம்பெனிக்கு, ஆஸ்பத்திரி பில் என்பது தன் சட்டைப் பையிலிருந்து போகிற காசு. 2025 மே மாதம் 'தி கார்டியன்' நாளிதழ் எழுதியது: ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைத்த இல்லங்களுக்கு அந்தக் கம்பெனி ரகசியமாக போனஸ் கொடுத்தது; ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பரிசு தந்தது; போயே ஆக வேண்டிய சிலர் நேரத்துக்குப் போகவில்லை. கம்பெனி எல்லாவற்றையும் மறுத்தது, அடுத்த மாதமே பத்திரிகை மேல் அவதூறு வழக்கும் போட்டது. யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு சந்தேகம்தான். ஆயிரம் பேருக்கு இத்தனை என்று எண்ணுகிற பட்டியலில், போகாமலே செத்தவர் எந்தப் பத்தியில் வருவார்? ஆஸ்பத்திரிக்குப் போகாதவர் என்ற பத்தியில்தான். கணக்கில் அவர் வெற்றி.

அனுப்பாமல் இருந்ததற்கு இன்னொரு உதாரணம். ஃப்ளோரிடாவில் 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்தது. ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு இல்லத்தின் ஏசிக்கு மின்சாரம் போய்விட்டது. வெக்கையில் முதியவர்கள் வெந்தார்கள். மாநில ஆளுநர் கொடுத்துவைத்திருந்த செல்போன் நம்பருக்குக் கூப்பிட்டோம் என்று பிறகு நிர்வாகம் சொன்னது. மூன்று நாள். 12 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? தெருவுக்கு அந்தப் பக்கம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். 1987-ல் போட்ட மத்தியச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்க வேண்டும். மீதி 16 மணி நேரம் வேறு ஏதாவது நர்ஸ் இருந்தால் போதும். முப்பது கட்டில் இருந்தாலும் 8 மணி நேரம், முந்நூறு இருந்தாலும் 8 மணி நேரம். முந்நூறு கட்டிலுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு பாட்டிக்கு 1.6 நிமிடம். குட்மார்னிங் சொல்லி, காதில் விழாமல், மறுபடி சொல்வதற்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் 'போதுமான' ஆள் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எவ்வளவு போதும் என்று சொல்லவில்லை. முதலாளிகளுக்கு எதுவும் போதுமானதாக இருந்தது.

அரசாங்கத்துக்காக நடந்த ஆய்வு ஒன்று 2001-லேயே சொல்லிவிட்டது: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லா நர்ஸும் உதவியாளரும் சேர்ந்து 4.1 மணி நேரம் கொடுக்காவிட்டால் பராமரிப்பு கெடும். அறிக்கை அலமாரிக்குப் போனது. 23 வருடம் கழித்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இல்லவாசிகளும் ஊழியர்களும் கொரோனாவில் செத்த பிறகு, பைடன் அரசு 2024-ல் விதி கொண்டுவந்தது. 4.1 அல்ல, 3.48. அதில் பதிவு பெற்ற செவிலியரின் பங்கு 0.55 மணி, அதாவது 33 நிமிடம். உதவியாளரின் பங்கு இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு. குளிப்பாட்ட, உடுத்த, மூன்று வேளை ஊட்ட, புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப் போக, எல்லாம் அந்த இரண்டரைக்குள். கூடவே, பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் 24 மணி நேரமும் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றது விதி. இதற்குச் சில இடங்களில் ஐந்து வருடம் வரை அவகாசமும் இருந்தது, விதிவிலக்கும் இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த விதி ஆண்டுக்குச் சுமார் 13,000 உயிரைக் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஐயோ குய்யோ என்று ஒரு சத்தம் கேட்டதே, அது பாட்டிகளுடையது அல்ல. இல்ல முதலாளிகளின் சங்கத்துடையது. ஐந்தில் நான்கு இல்லம் புதிதாக ஆள் எடுக்க வேண்டிவரும் என்று அரசே சொன்னது. இதை முதலாளிகள் விதிக்கு எதிரான வாதமாக எடுத்துவைத்தார்கள். ஐந்தில் நான்கு ஓட்டலில் சோறு வேகவில்லை என்றால் அடுப்பைத் தடை செய்ய வேண்டும் என்கிற தர்க்கம் இது.

வழக்கு டெக்சாஸில் இருக்கும் மத்திய நீதிமன்றத்தின் நீதிபதி மேத்யூ காஸ்மரிக்கிடம் போனது. 2025 ஏப்ரல் 7 அன்று விதியை ரத்து செய்தார். சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் குறைந்தது 8 மணி நேரம் என்று எழுதியிருக்கும்போது அதிகாரிகள் 24 என்று கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதே நீதிபதி இதற்குச் சரியாக இரண்டு வருடம் முன்பு, 2023 ஏப்ரல் 7 அன்று, கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனுக்குத் தந்த அனுமதியை நிறுத்திவைத்து உலகப் புகழ் பெற்றவர். உச்ச நீதிமன்றம் பிறகு அந்த வழக்கையே தள்ளிவிட்டது வேறு விஷயம். கருவிலிருக்கும் உயிருக்கு ஒரு ஏப்ரல் 7, கட்டிலில் இருக்கும் உயிருக்கு ஒரு ஏப்ரல் 7. நடுவிலிருக்கிற 86 வருடத்தில் எந்தத் தேதியில் அந்த உயிரின் புனிதம் காலாவதியானது என்பதைத் தீர்ப்பில் தேடினேன். இல்லை.

பணம் இல்லை என்பார்கள். கார்லைல் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் 2007-ல் மேனர்கேர் என்ற பெரிய இல்லச் சங்கிலியை வாங்கியது. 2011-ல் கட்டடங்களையும் நிலங்களையும் மட்டும் பிரித்து 610 கோடி டாலருக்கு விற்றது. அதுவரை தன் சொந்தக் கட்டடத்தில் இருந்த இல்லம், அன்றிலிருந்து அதே கட்டடத்துக்கு வாடகை கட்ட ஆரம்பித்தது. 2018-ல் மேனர்கேர் திவால். வாடகை கட்டிக் கட்டியே மாய்ந்த கம்பெனியின் படுக்கைகளில் கிடந்தவர்களுக்கு அந்த 610 கோடியில் எத்தனை நர்ஸ் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொருளாதாரம் தெரியாதவன் என்பார்கள். பொருளாதாரம் தெரிந்தவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். பிரைவேட் ஈக்விட்டி வாங்கிய இல்லங்களில் குறுகிய காலம் தங்க வந்த மெடிகேர் நோயாளிகளின் சாவு சுமார் 10 சதவீதம் கூடியது, 12 வருடத்தில் 20,000-க்கு மேற்பட்ட உயிர் என்று 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. இல்லினாய் மாநிலக் கணக்குகளைக் குடைந்த இன்னொரு ஆய்வு, இல்லங்களின் லாபத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் முதலாளியின் சொந்தத் துணைக் கம்பெனிகளுக்கு வாடகை என்றும் நிர்வாகக் கட்டணம் என்றும் கூட்டி எழுதி மறைக்கப்பட்டது என்றது. பினாமி என்று ஒரே வார்த்தையில் நாம் முடிக்கிற விஷயத்துக்கு அங்கே தனி வக்கீல், தனி ஆடிட்டர், தனிக் கட்டட வாடகை. இல்லத்தின் பேரேடு மட்டும் எப்போதும் நஷ்டத்தில் அழுதுகொண்டிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டுதான் மெடிகெய்டு போதவில்லை என்று சட்டமன்றத்துக்கு வருவார்கள். மெடிகெய்டு சில மாநிலங்களில் உண்மையிலேயே போதாதுதான். எவ்வளவு போதாது என்று சொல்ல வேண்டியவர்கள் முதலில் எவ்வளவு எடுத்தார்கள் என்று சொல்லட்டும்.

ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். கிடைத்த ஆள்தான் 94 முறை போயிருக்கிறாரே. தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்து, ஒரு ஷிஃப்டில் பதினைந்து பேரைப் பார்த்து, அடி வாங்கி, எச்சில் வாங்கி, பக்கத்துக் குடோனில் பெட்டி அடுக்கினால் கிடைக்கிற கூலிகூடக் கிடைக்காதபோது யார்தான் நிற்பார்? கொரோனாவில் செத்தவர்களில் அவர்களும் உண்டு. அப்போது பல இல்லங்களின் வாசலில் 'இங்கே ஹீரோக்கள் வேலை செய்கிறார்கள்' என்று பேனர் கட்டினார்கள். பேனரின் செலவு உதவியாளரின் ஒருநாள் சம்பளத்தைவிட எவ்வளவு அதிகம் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆள் எப்போது கிடைக்கிறார் தெரியுமா? இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது. எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்று இல்லங்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், 2016-லிருந்து சம்பளப் பட்டியலையே அனுப்ப வேண்டும் என்று ஆனது. அதைப் பார்த்துத் தரம் போட ஆரம்பித்ததும் இல்லங்களின் தர நட்சத்திரங்கள் உதிர்ந்தன. அந்தச் சம்பளப் பட்டியல்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஆண்டு ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற நாட்களை ஒட்டி நர்ஸ்களின் எண்ணிக்கை ஏறுகிறது, அவர்கள் போனதும் இறங்குகிறது. நாடு முழுக்க ஆள் பஞ்சமாம், அந்த ஒரு வாரம் மட்டும் மழை. இரண்டாவது, சனி ஞாயிறுகளில் நர்ஸ்கள் சட்டென்று குறைந்துபோகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வார விடுமுறை கிடையாது என்பதை யாரும் நிர்வாகத்துக்குச் சொல்லவில்லை போல.

காஸ்மரிக் தீர்ப்பு போதாது, மேல்முறையீடு அது இது என்று இழுக்குமே என்று பயந்து, காங்கிரஸும் ஒரு பூட்டைப் போட்டது. 2025 ஜூலை 4 அன்று, சுதந்திர தினத்தில், டிரம்ப் கையெழுத்துப் போட்ட 'ஒரு பெரிய அழகான மசோதா'வில் இந்த விதியை அமல்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. நர்ஸ் வைக்காததால் அரசுக்கு மிச்சமாகும் பணம், பணக்காரர்களுக்கான வரிச்சலுகையும் அடங்கிய அதே மசோதாவின் வரவுக் கணக்கில் ஏறியது. டிசம்பரில் சி.எம்.எஸ் தானே முன்வந்து விதியை நீக்கியும்விட்டது. மசோதா போட்ட தடை எதுவரை தெரியுமா? 2034 செப்டம்பர் 30 வரை. இன்று அந்தக் கட்டில்களில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். யாராவது பிடிவாதமாக உயிரோடு இருந்து, தடை முடிந்ததே, எங்கே என் 33 நிமிடம் என்று மறுநாள் காலையில் பெல் அடித்தால் என்ன ஆகும் என்று காலண்டரை எடுத்துப் பார்த்தேன். 2034 அக்டோபர் 1 ஞாயிற்றுக்கிழமை.